கேவண்டிஷ் 35, மெர்க்ஸ் 34: இதை எப்படி எடுத்துக்கொள்வது?

மலைமாடு எழுதியது:

ராத்திரி தூக்கம் வராமல் பழைய டூர் டி பிரான்ஸ் வீடியோக்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். 2024 ஜூலை 3, சான்-வுல்பா ஊரில் முடிந்த 5ஆம் கட்டம் (டூரில் ஒவ்வொரு நாள் பந்தயமும் ஒரு கட்டம்). மார்க் கேவண்டிஷ் தன் 35ஆவது கட்ட வெற்றியை எடுத்து, எடி மெர்க்ஸின் 34ஐத் தாண்டிய நாள். வர்ணனையாளர் தொண்டை கிழியக் கத்துகிறார், எதிரணிக்காரர்கள் வரிசையில் வந்து கட்டிப்பிடிக்கிறார்கள். எனக்கும் கண் கலங்கியது, பொய் சொல்லவில்லை.

ஆனால் காலையில் காபி குடிக்கும்போது ஒரு உறுத்தல். மெர்க்ஸ் அந்த 34ஐ ஏழே டூர்களில் எடுத்தார். மலையில் ஜெயித்தார், தனியாள் நேர ஓட்டத்தில் ஜெயித்தார், கடைசிப் பாய்ச்சலான ஸ்பிரிண்டிலும் ஜெயித்தார். அதோடு டூரையே ஐந்து முறை வென்றார். கேவண்டிஷ் வந்தது 15 டூர். மொத்த நேரத்தில் முன்னிலையில் இருப்பவருக்கான மஞ்சள் ஜெர்சி போட்டது 2016இல் ஒரே ஒரு நாள். மலை வந்தால் கடைசிக் கூட்டத்தோடு உருண்டு வந்து சேருவார். சமதளத்தில் அணி முழுக்க இழுத்துக்கொண்டு வந்து 200 மீட்டரில் இறக்கிவிடும், இவர் முடித்துவைப்பார். இரண்டையும் ஒரே தராசில் எப்படி வைப்பது? சண்டைக்கு வரவில்லை. கற்றுக்கொள்ளத்தான் கேட்கிறேன்.

பெடல்பாண்டி எழுதியது:

சண்டைக்கு வரவில்லை என்று ஆரம்பிக்கிற இழை எத்தனை பக்கம் போகும் என்று எனக்குத் தெரியும். டீ போட்டுக்கொண்டு வருகிறேன்.

முன்சக்கரம் எழுதியது:

மலைமாடு, 34, 35 என்ற எண்ணைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அந்த ஒப்பீட்டைக் கேவண்டிஷே ஏற்றுக்கொண்டதில்லை, மெர்க்ஸ்தான் எல்லாக் காலத்துக்கும் பெரியவர் என்றுதான் சொல்லிவந்தார். நீங்கள் எழுதியதில் எனக்கு இடிப்பது ‘200 மீட்டரில் இறக்கிவிடும்’ என்ற வரி. அவரை ரோட்டில் மட்டுமே பார்த்தவர்கள் எல்லாரும் இதைத்தான் சொல்வார்கள். அவர் கதை வெலோட்ரோமில், அதாவது சரிவான வட்டத் தளத்தில், தொடங்குகிறது.

ஐல் ஆஃப் மேன் தீவுப் பையன், 1985இல் பிறந்தவர். பள்ளி முடித்ததும் ஒரு வங்கியில் இரண்டு வருடம் வேலை பார்த்துக் காசு சேர்த்தார், சைக்கிளுக்காக. அப்புறம் பிரிட்டிஷ் சைக்கிளிங்கின் இளையோர் அகாடமியில் சேரப் போனார். அங்கே நிற்கவைத்த சைக்கிளில் உட்காரவைத்து எத்தனை வாட் மிதிக்கிறாய் என்று அளப்பார்கள். இவர் எண்கள் தேறவில்லை. குள்ளம், கொஞ்சம் குண்டு, எந்திரத்தின் கணக்கில் சராசரி. அகாடமியை நடத்திய ராட் எல்லிங்வொர்த்துக்கு மட்டும் எண்ணைத் தாண்டி ஏதோ தெரிந்திருக்கிறது, உள்ளே எடுத்தார்.

2005இல், 20 வயதுகூட ஆகாத பையன், லாஸ் ஏஞ்சலஸில் ராப் ஹேல்ஸுடன் சேர்ந்து மேடிசன் உலகப் பட்டம் வாங்கினான். அடுத்த வருடம் மெல்போர்ன் காமன்வெல்த்தில் தன் தீவுக்காக ஸ்கிராட்ச் பந்தயத் தங்கம் (எல்லாரும் ஒன்றாகப் புறப்பட்டு, முதலில் கோட்டைத் தொடுகிறவர் ஜெயிக்கும் வெலோட்ரோம் பந்தயம்). இதெல்லாம் நடந்த பிறகுதான் முதல் டூர், 2007இல். அந்த மேடிசனைப் புரிந்துகொண்டால் மற்ற 35உம் புரியும் என்பது என் கட்சி.

ரேவதி_மிதிவண்டி எழுதியது:

அண்ணா, மேடிசன் என்றால் என்ன? ஒலிம்பிக்கில் பார்த்திருக்கிறேன். பத்து முப்பது பேர் எறும்புக் கூட்டம் மாதிரி சுற்றுகிறார்கள், ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்து இழுக்கிறார்கள், யார் முன்னால் யார் பின்னால் என்று கடைசிவரை விளங்கவில்லை. சேனலை மாற்றிவிட்டேன்.

வடமராட்சியான் எழுதியது:

ரேவதி, விளங்காதது உங்கள் பிழை இல்லை. நேரில் போய்ப் பார்த்த எனக்கும் முதல் அரை மணித்தியாலம் விளங்கவில்லை.

ஓர் அணிக்கு இருவர். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பந்தயத்தில் இருப்பார், மற்றவர் மேலே சரிவின் உச்சியில் மெதுவாக உருண்டு மூச்சு வாங்குவார். சுற்று ஒன்றிரண்டுக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். மேலே இருப்பவர் சரிவில் இறங்கி வருவார், கீழே முழு வேகத்தில் வருபவர் அவர் கையைப் பிடித்து முன்னால் வீசுவார். தன் வேகத்தைக் கையோடு கொடுத்துவிட்டு இவர் மேலே ஏறிவிடுவார். இதை எல்லா அணியும் ஒரே நேரத்தில் செய்யும், 250 மீட்டர் வட்டத்துக்குள், பிரேக்கே இல்லாத சைக்கிளில். ஒலிம்பிக்கில் ஆண்களுக்கு 50 கிலோமீட்டர், அதாவது 200 சுற்று. நடுநடுவே ஸ்பிரிண்ட் வைத்துப் புள்ளி. கூட்டத்தை ஒரு முழுச் சுற்று முந்தினால் பெரிய இலாபம்.

பெயர் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் இருந்து வந்தது. 1890களில் அங்கே ஆறு நாள் பந்தயம் நடக்கும், ஓர் ஆள் நித்திரை இல்லாமல் ஆறு நாளும் ஓடுவான், புத்தி பேதலித்துப்போகும். ஒருவர் நாளுக்கு 12 மணித்தியாலத்துக்கு மேல் ஓடக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். டிக்கெட் விற்கிறவன் சும்மா இருப்பானா? இரண்டு பேரைச் சோடி சேர்த்து, ஆளுக்குப் பாதி நேரம் என்று 24 மணித்தியாலத்தையும் நிரப்பிவிட்டான்.

இப்ப என் கதை. மான்செஸ்டரில் இருக்கிறேன். இங்குள்ள வெலோட்ரோமில் பொதுசனம் காசு கட்டி ஒரு மணித்தியாலம் ஓடிப்பார்க்கலாம். கேவண்டிஷும் மற்றவர்களும் பழகிய அதே தளம். ஊரில் துவிச்சக்கர வண்டியில் பருத்தித்துறைக்கும் நெல்லியடிக்கும் ஓடித்திரிந்த ஆள் நான், எனக்கென்ன பயம் என்று போனேன்.

உள்ளே போய் நிமிர்ந்து பார்த்தால் சுவர். வளைவில் 42 டிகிரி சரிவு, பலகை. ‘பெடலை நிறுத்தக்கூடாது’ என்று பயிற்றுநர் மூன்று தரம் சொன்னார். இந்தச் சைக்கிளில் ஃப்ரீவீல் கிடையாது, சக்கரம் சுற்றினால் காலும் சுற்றும். வளைவில் பயந்து வேகத்தைக் குறைத்தால் ரயர் வழுக்கிக் கீழே வந்துவிடுவாய், பயம் வந்தால் இன்னும் மிதி என்றார். நான் பழக்கதோஷத்தில் நேர்ப்பாதையில் ஒரு விநாடி காலை நிறுத்திப் பார்த்தேன். பின்சக்கரம் என்னைச் சீற்றில் இருந்து தூக்கிப் போட்டது போல உதைத்தது. விழவில்லை, அவ்வளவுதான். கீழே இளநீலப் பட்டை, அதற்கு மேல் கறுப்புக் கோடு, பிறகு சிவப்பு, பிறகு நீலம். அந்த ஒரு மணித்தியாலத்தில் நான் சிவப்பைத் தாண்டவில்லை.

நீலக் கோட்டுக்கு மேலே இருந்து இறங்கி வந்து, மணிக்கு 55 கிலோமீட்டரில் ஒருத்தன் கையைப் பிடிக்க வேண்டும் என்றால்? அதுவும் பக்கத்தில் பத்துப் பேர் அதையே செய்துகொண்டிருக்க?

முன்சக்கரம் எழுதியது:

வடமராட்சியான், இதை எல்லாருக்கும் பொதுவாகப் பின் பண்ணி வைக்க வேண்டும்.

சரி, இனி என் வாதம். மேடிசன் ஓடுகிறவனுக்கு இரண்டு விஷயம் உடம்பில் ஊறிவிடும். ஒன்று, எந்த இடைவெளி திறக்கப்போகிறது என்பதை அது திறப்பதற்கு அரை விநாடி முன்பே பார்ப்பது. இரண்டு, சல்லிக்காசு சக்தியைக்கூட வீணாக்காமல் இருப்பது. காற்றில் தலை நீட்டுகிற ஒவ்வொரு சுற்றுக்கும் கடைசியில் விலை கொடுக்க வேண்டும்.

ரோட்டில் ஸ்பிரிண்ட் மணிக்கு 70 கிலோமீட்டர் அளவில் போகும். கணக்குப் போட்டுப் பாருங்கள், 200 மீட்டருக்குப் பத்து விநாடிதான். அந்தப் பத்து விநாடியில் வலுவான கால் ஜெயிக்கும் என்றால் ஜெர்மன் ஸ்பிரிண்ட்காரர்கள் ஆந்த்ரே கிரைப்பலும் மார்செல் கிட்டலும் இவரை ஒவ்வொரு முறையும் தின்றிருக்க வேண்டும், இருவரும் மலை மாதிரி ஆட்கள். இவர் என்ன செய்தார்? உடம்பை மடக்கி, மூக்கு முன்சக்கரத்தைத் தொடுகிற மாதிரி குனிந்து, காற்றுக்குக் காட்டுகிற பரப்பைச் சுருக்கிக்கொண்டார். குறைவான வாட், ஆனால் அதைவிடக் குறைவான காற்று. முன்னால் போகிறவன் வீலுக்குப் பின்னால் மற்றவர்களைவிட இன்னும் அரை விநாடி பொறுத்திருப்பார். ஜெயித்த பிறகு பேட்டி கொடுத்தால், கடைசி கிலோமீட்டரை வளைவு வளைவாக, யார் எந்தப் பக்கம் நகர்ந்தார் என்பதுவரை ஒப்பிப்பார்.

2009 மிலான்-சான் ரெமோவைத் தேடிப் பாருங்கள். கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர் ஓடி முடிகிற பந்தயம், இவர் அதில் கலந்துகொண்டது அதுதான் முதல் முறை. ஹைன்ரிக் ஹவுஸ்லர் முன்கூட்டியே பாய்ந்துவிட்டார், எட்டாத தூரம். எல்லாரும் இரண்டாம் இடத்துக்கு அடித்துக்கொள்ள, கேவண்டிஷ் மட்டும் தனியாகப் பிய்த்துக்கொண்டு போய், கோட்டில் ஹேண்டில்பாரை முன்னால் தள்ளுகிறார். வித்தியாசம் ஒரு டயர் அகலம். அன்று அவரை யாரும் கொண்டுவந்து இறக்கிவிடவில்லை.

மலைமாடு எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன், அந்தப் பந்தயம் வேறு வகை. ஆனால் அண்ணா, கேவண்டிஷின் பழைய எச்டிசி அணி காலத்தை மறைக்க முடியுமா? டோனி மார்ட்டின், ஐசல், ஹின்கபி, கடைசியில் மார்க் ரென்ஷா. ரயில் வண்டி மாதிரி வரிசை. 2009இல் பாரிஸின் ஷான்ஸ் எலிசேயில் முடிந்த கடைசிக் கட்டத்தில் கேவண்டிஷ் முதல், லீட்-அவுட் கொடுத்த (கடைசிவரை முன்னால் நின்று காற்றை உடைத்த) ரென்ஷா இரண்டாவது! இழுத்துவிட்டவனே இரண்டாவது வருகிறான் என்றால், அந்த இடத்தில் யாரை வைத்தாலும் ஜெயித்திருப்பான் என்றுதானே அர்த்தம்? 2010இல் அதே ரென்ஷா எதிராளியைத் தலையால் முட்டி டூரிலிருந்தே வெளியே அனுப்பப்பட்டார், ஞாபகம் இருக்கிறதா?

பெடல்பாண்டி எழுதியது:

அந்த முட்டல் நடந்த அதே கட்டத்தில் கேவண்டிஷ் ஜெயித்தார். ரென்ஷா வீட்டுக்குப் போன பிறகும் அந்த டூரில் இன்னும் இரண்டு ஜெயித்தார், பாரிஸ் உட்பட. ரயில் இல்லாமலும் ஓடும் இன்ஜின்தான் அது.

முன்சக்கரம் எழுதியது:

பாண்டி டீயோடு வந்துவிட்டார்.

மலைமாடு, நீங்கள் சொன்னதில் ஒரு பாதி உண்மை. எச்டிசி ரயில் போல அதற்கு முன்பும் பின்பும் அபூர்வம். ஆனால் ரயில் எல்லாருக்கும் கிடைத்தால் மட்டும் போதுமா? அதே அணியில் கிரைப்பல் இருந்தார். பணக்கார அணிகள் எத்தனையோ ரயில் கட்டிப் பார்த்தன.

இன்னொன்றைக் கவனித்தீர்களா? 2021இல் இவரை நான்கு கட்டம் ஜெயிக்கவைத்த கடைசி ஆள் மிக்கேல் மெர்கோவ். டென்மார்க்காரர். அந்த டூர் முடிந்த கையோடு டோக்கியோ போய் மேடிசனில் ஒலிம்பிக் தங்கம் வாங்கினார். கார்கசோனில் கேவண்டிஷ் 34ஐத் தொட்ட நாளில் இரண்டாவதாக வந்ததும் அவர்தான். உங்கள் கணக்குப்படி அதுவும் ரயிலின் பெருமை. என் கணக்குப்படி, மேடிசன்காரன் மேடிசன்காரனுக்குக் கை கொடுத்து வீசுவது ரோட்டிலும் நடக்கிறது, கை மட்டும் இல்லை. அந்த டூரில் இவர்கள் ஓடியதைப் பாருங்கள்: மெர்கோவ் திரும்பிப் பார்ப்பதே இல்லை. பின்னால் இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள அவருக்குக் கண் வேண்டியதில்லை.

ரேவதி_மிதிவண்டி எழுதியது:

வெலோட்ரோமில் இவ்வளவு கெட்டிக்காரர் என்றால் ஒலிம்பிக் தங்கம் ஏன் இல்லை? தேடிப் பார்த்தேன், ஒரே ஒரு வெள்ளிதான் இருக்கிறது.

வடமராட்சியான் எழுதியது:

அது ஒரு சோகக் கதை தங்கச்சி. 2008இல் அவர் டூரில் முதல்முறையாக நான்கு கட்டம் வென்றார், ஷாடோரூவில் தொடங்கி. பாரிஸ்வரை போகாமல் நடுவில் விட்டுவிட்டு பெய்ஜிங்குக்குப் போனார். காரணம், அந்த வசந்தத்தில் மான்செஸ்டரில் பிராட்லி விக்கின்ஸுடன் சேர்ந்து மேடிசன் உலகப் பட்டம் எடுத்திருந்தார், தங்கம் நிச்சயம் என்று நம்பினார்.

ஆனால் விக்கின்ஸ் அதற்குள் தனியாள் பர்சூட், அணி பர்சூட் (எதிரெதிர்ப் பக்கத்தில் தொடங்கித் துரத்தும் பந்தயங்கள்) இரண்டும் ஓடி இரண்டு தங்கம் வாங்கிக் களைத்துப்போயிருந்தார். மேடிசனில் சோடியில் ஒருவருக்குக் காலில் தெம்பு இல்லை என்றால் மற்றவர் என்ன செய்வது? பதக்கம் இல்லை. அந்த முறை பிரிட்டன் வெலோட்ரோமில் பதக்கங்களை அள்ளியது, வெறுங்கையோடு திரும்பிய ஒரே பிரிட்டிஷ் ட்ராக் வீரர் கேவண்டிஷ். இருவரும் மாதக்கணக்கில் பேசிக்கொள்ளவில்லை.

2012இல் லண்டனில் ரோட் பந்தயம். இங்கிலாந்தே அவருக்குத் தங்கம் என்று எழுதிவைத்துவிட்டது. ஒலிம்பிக்கில் அணிக்கு ஐந்தே பேர், காதில் ரேடியோ கிடையாது, மற்ற நாட்டுக்காரர் துரத்தப் பெரிதாக உதவவில்லை. முன்னால் தப்பிய கூட்டம் தப்பினதுதான், வினோகுரோவ் தங்கத்தை எடுத்துக்கொண்டு போனார்.

2016இல் டூரில் நான்கு கட்டம் வென்று, திரும்ப அதே மாதிரி நடுவில் விட்டுவிட்டு ரியோ. இந்த முறை ஒம்னியம், ஆறு போட்டி சேர்ந்தது. எலியா விவியானிக்குத் தங்கம், இவருக்கு வெள்ளி. கடைசிப் பந்தயத்தில் இவர் கீழே நகரப்போய் கொரிய வீரர் விழுந்தார், அவரை ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனார்கள். பிழை என்னுடையதுதான் என்று கேவண்டிஷ் பிறகு ஒப்புக்கொண்டார். எனக்கு அவரைப் பிடிக்கும், ஆனாலும் அந்தக் காட்சியை நினைத்தால் வெள்ளி கொஞ்சம் மங்குகிறது.

பெடல்பாண்டி எழுதியது:

விக்கின்ஸ் பாகத்தை முடித்துவிடுங்கள் அண்ணா, இல்லாவிட்டால் அவர் வில்லனாகிவிடுவார். 2011 கோபன்ஹேகன் உலகப் போட்டியில் இவருக்காக முன்னால் நின்று காற்றை உடைத்தவர்களில் விக்கின்ஸ் ஒருவர். எட்டுப் பேர் பிரிட்டிஷ் அணி நாள் முழுக்க முன்னால் நின்று பந்தயத்தையே கட்டி வைத்தது. 1965இல் டாம் சிம்ப்சன் வென்ற பிறகு பிரிட்டிஷ் ஆணுக்கு ரோட் உலக சாம்பியனின் வானவில் ஜெர்சி அன்றுதான். அதற்குத் திட்டம் போட்டவர் அதே எல்லிங்வொர்த். அடுத்த வருடம் பாரிஸில், மஞ்சள் ஜெர்சி போட்ட விக்கின்ஸ், டூரையே ஜெயித்துவிட்ட ஆள், கடைசி கிலோமீட்டரில் கூட்டத்தின் முன்னால் வந்து வேலைக்காரன் மாதிரி இழுத்தார். பின்னாலிருந்து வானவில் ஜெர்சி பாய்ந்தது. ஷான்ஸ் எலிசேயில் தொடர்ந்து நான்காவது வெற்றி.

இருவரும் 2016இல் லண்டனில் திரும்ப மேடிசன் உலகப் பட்டம் வாங்கினார்கள். எட்டு வருடத்துக் கோபத்துக்கு அது போதாதா?

மலைமாடு எழுதியது:

இதெல்லாம் கேட்டதும் மனம் இளகுகிறது. ஆனால் மலை? மலையில் இவர்கள் எல்லாரும் கடைசியில் கூட்டமாக வருவார்கள், அதற்குக் கைதட்டல் வேறு. எனக்கு அது புரிந்ததே இல்லை.

முன்சக்கரம் எழுதியது:

உங்கள் பெயருக்கே இந்தக் கேள்வி பொருந்தவில்லை.

டூரில் ஒவ்வொரு நாளும் ஒரு நேர வரம்பு உண்டு. முதலில் வந்தவர் எடுத்த நேரத்தோடு இத்தனை சதவீதம் கூட்டிக்கொள்வார்கள், அதற்குள் வராவிட்டால் மறுநாள் நம்பரைக் கழற்றிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பந்தயத்தை ஜெயிக்கப் போகிறவர்களின் பாரம் வேறு, ஸ்பிரிண்ட்காரனின் பாரம் வேறு. தொடைக் கனத்தைத் தூக்கிக்கொண்டு மலையில் ஏற வேண்டும், வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே.

2018இல் லா ரோசியேர் ஏறிய நாளில் கேவண்டிஷ் வரம்புக்கு வெளியே வந்தார். அதற்கு முந்தைய வருடம் வித்தெல் ஊரில் பீட்டர் சகானுடன் உரசி விழுந்து தோள்பட்டை எலும்பு உடைந்தது. (சகானை வெளியே அனுப்பினார்கள், பிறகு அது பந்தயத்தில் நேர்ந்த விபத்து என்று யூசிஐ, அதாவது உலகச் சைக்கிள் சங்கம், ஒத்துக்கொண்டது. எனக்கும் அப்படித்தான் படுகிறது.) அதற்குள் எப்ஸ்டீன்-பார் கிருமி உடம்பை அரித்துக்கொண்டிருந்தது, 2018இல் மன அழுத்த நோய் என்று மருத்துவர் சொன்னார். 2020 அக்டோபரில் கெண்ட்-வெவெல்கெம் பந்தயம் முடிந்து, இது என் கடைசிப் பந்தயமாக இருக்கலாம் என்று கேமரா முன்னால் அழுதார். எந்த அணியும் கேட்கவில்லை. பழைய குயிக்-ஸ்டெப் அணி கிட்டத்தட்ட குறைந்தபட்சச் சம்பளத்துக்குச் சேர்த்துக்கொண்டது. 2021 டூர் அணியில் அவர் பெயரே இல்லை. சாம் பென்னட்டுக்கு முழங்கால் வலி வந்ததால் கடைசி நேரத்தில் கூப்பிட்டார்கள்.

ஃபூஜேரில் ஜெயித்தார், ஐந்து வருடத்துக்குப் பிறகு. அடுத்து ஷாடோரூ. 2008இல் முதல் வெற்றி எடுத்த அதே ஊர், அங்கே அது மூன்றாவது. அப்புறம் தீன் மலை. மழை, குளிர். அணியிலிருந்து ஆள் பின்தங்கி அவரோடு வந்தார்கள். வரம்புக்கு ஒன்றரை நிமிடம் இருக்கும்போது கோட்டைத் தாண்டி, ஜெயித்த மாதிரி அவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறீர்களா? அன்று இரண்டு நிமிடம் தாமதித்திருந்தால் வலான்ஸும் இல்லை, கார்கசோனும் இல்லை, 34உம் இல்லை.

2024 இன்னும் மோசம். முதல் நாள் ஃபிளாரன்ஸிலிருந்து ரிமினி. வெயில். முதல் ஏற்றத்திலேயே சைக்கிள்மேல் வாந்தி எடுத்தார், நான்கு அணித்தோழர்கள் சுற்றி நின்று தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கூட்டிவந்தார்கள். 39 நிமிடம் பின்னால் வந்து சேர்ந்தார். வயது 39. நான் டிவியை அணைத்துவிட்டு, இந்த மனுஷன் ஏன் வீட்டில் இருக்கக்கூடாது என்று மனைவியிடம் சொன்னேன். நாலு நாள் கழித்து சான்-வுல்பா.

அந்தக் கடைசி நிமிடத்தைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். ரயில் கலைந்துவிட்டது. இவர் தனியாக, ஒரு வீலிலிருந்து இன்னொரு வீலுக்குத் தாவுகிறார். யாருடைய வீல் செத்துப்போகப் போகிறது என்று அதன் சொந்தக்காரனுக்கு முன்பே இவருக்குத் தெரிகிறது. பிறகு பெல்ஜிய ஸ்பிரிண்ட்காரர் பிலிப்சன் முடிவெடுப்பதற்குள் இவர் கிளம்பிவிட்டார். போட்டோ பார்க்கத் தேவையே இல்லாத இடைவெளி. 39 வயதுக் கால் 26 வயதுக் காலை வேகத்தில் ஜெயிக்காது. பலகையில் படித்த பாடம்தான் ஜெயித்தது.

ரேவதி_மிதிவண்டி எழுதியது:

இப்போதுதான் போட்டுப் பார்த்தேன். நீங்கள் சொன்ன தாவல் இரண்டு முறை நடக்கிறது, இரண்டாவதை நான் மூன்றாம் தடவை பார்க்கும்போதுதான் கண்டுபிடித்தேன்.

ஒரு சந்தேகம். அதற்கு முந்தைய வருடமே ஓய்வு என்று அறிவித்தாரே?

பெடல்பாண்டி எழுதியது:

ஆமாம், 2023 மே மாதம் இத்தாலி டூரில் அறிவித்தார். அதே வாரக் கடைசியில் ரோமில் கடைசிக் கட்டத்தை ஜெயித்தார். அங்கே முன்னால் வந்து இழுத்தது யார் தெரியுமா? கெரைன்ட் தாமஸ். வேறு அணி! அகாடமியில் ஒன்றாக இருந்த நாளிலிருந்து நட்பு, அவரும் வெலோட்ரோம்காரர், பர்சூட்டில் ஒலிம்பிக் தங்கம். முந்தின நாள்தான் ஒட்டுமொத்தப் பட்டத்தைக் கை நழுவவிட்டிருந்தார், ஆனாலும் நண்பனுக்கு உதவி.

ஜூலையில் போர்தோவில் 35 கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, கியர் நழுவி இரண்டாவது. மறுநாளே விழுந்து காறை எலும்பு முறிந்தது. அப்படி ஒரு முடிவை யார்தான் ஏற்றுக்கொள்வார்கள்? ஓய்வை ரத்து பண்ணினார்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். மெர்க்ஸ் கட்சிக்கு ஒரு தகவல், முன்சக்கரத்துக்கும் உதவும்.

மெர்க்ஸும் வெலோட்ரோம்காரர்தான். குளிர்காலம் வந்தால் ஆறு நாள் பந்தயம் ஓடுவார், 17 வென்றிருக்கிறார், பெரும்பாலும் பாட்ரிக் செர்க்குவோடு சோடி சேர்ந்து. செர்க்கு மட்டும் 88 ஆறு நாள் பந்தயம் வென்றவர், 1964 ஒலிம்பிக் தங்கம், அப்புறம் 1974இல் டூரின் பச்சை ஜெர்சி (புள்ளிகளில் முதலில் வருபவருக்கானது). அந்த ஜெர்சியைக் கேவண்டிஷ் 2011இலும் 2021இலும் போட்டார். 1972இல் மெக்சிகோ நகரத்தில் மெர்க்ஸ் வைத்த ஒரு மணி நேரச் சாதனை 49.431 கிலோமீட்டர், அதுவும் வெலோட்ரோமில்தான்.

அவர் உடம்பைக் கெடுத்ததும் வெலோட்ரோம்தான். 1969 செப்டம்பரில், முதல் டூர் வென்ற சில வாரங்களில், ப்ளுவா ஊரில் மோட்டார் பைக்குக்குப் பின்னால் ஓடும் பந்தயம். முன்னால் பைக் ஓட்டியவர் அங்கேயே இறந்துபோனார். மெர்க்ஸுக்கு இடுப்பு நகர்ந்தது. அதற்குப் பிறகு மலை ஏறுவது வலியில்லாமல் இருந்ததே இல்லை என்று பலமுறை சொல்லியிருக்கிறார். சீட்டின் உயரத்தை ஓட்டத்தின் நடுவில்கூடச் சாவி வைத்துத் திருகிக்கொண்டிருப்பார்.

ஆகவே 34க்கும் 35க்கும் சண்டை மூட்டிவிட்டு, இரண்டுக்கும் நடுவே உள்ள சொந்தத்தைக் கவனிக்காமல் விட்டுவிட்டீர்கள் எல்லாரும்.

மலைமாடு எழுதியது:

கணக்குப்பிள்ளை சார், ப்ளுவா கதை எனக்குத் தெரியாது. அந்த வலியோடு அடுத்து நான்கு டூர் ஜெயித்தாரா? நான் மெர்க்ஸ் கட்சியிலேயே இருந்துகொள்கிறேன், இன்னும் கெட்டியாக. ஆனால் ‘200 மீட்டரில் இறக்கிவிடும்’ என்ற வரியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

தேக்காவாசி எழுதியது:

தாமதமாக வருகிறேன். கேவண்டிஷின் கடைசிப் பந்தயம் எங்கள் ஊரில்தான், 2024 நவம்பர் 10, சிங்கப்பூர், மரினா பே. நான் நேரில் போனேன்.

கண்காட்சிப் பந்தயம்தான், டூர் நடத்துகிறவர்களே சீசன் முடிந்து நடத்துவது. முடிவு எப்படி வரும் என்று எல்லாருக்கும் ஓரளவு தெரியும், அவர்தான் ஜெயித்தார். அதை நான் 165ஆவது, 166ஆவது என்றெல்லாம் எண்ணப்போவதில்லை. புறப்படும் முன் மற்ற ஓட்டக்காரர்கள் இரண்டு பக்கமும் நின்று முன்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்தார்கள், நடுவில் அவர் வந்தார்.

எனக்கு மனதில் நின்றது அது இல்லை. ஒரு வளைவில் தடுப்புக் கம்பியை ஒட்டி நின்றிருந்தேன். வியர்வையில் சட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் கூட்டம் ‘ஸ்ஸ்ஸ்’ என்று கடக்கும், எல்லாரும் வளைவில் கொஞ்சம் பிரேக் பிடிப்பார்கள், ரிம் கிறீச்சிடும். டிஸ்க் பிரேக் என்று திருத்த வேண்டாம், சத்தம் வந்தது. கேவண்டிஷ் வரும்போது மட்டும் நான் நான்கைந்து சுற்று அவர் விரலையே பார்த்தேன். எல்லாரையும்விடக் குறைவாகப் பிடித்தார். முன்னால் இருப்பவனுக்கும் தனக்கும் நடுவே கொஞ்சம் இடம் விட்டு வருவார், வளைவில் அந்த இடம் தானாக மூடிக்கொள்ளும், வெளியே வரும்போது காலால் எதையும் சேர்க்க வேண்டியிராது. பிரேக் இல்லாத சைக்கிளில் பழகியவர் என்பது அப்போது எனக்குத் தெரியாது. இந்த இழையைப் படித்த பிறகுதான் அன்று எதைப் பார்த்தேன் என்று புரிகிறது.

பெடல்பாண்டி எழுதியது:

போட்டோ எங்கே?

தேக்காவாசி எழுதியது:

எடுத்தேன். 41 படம். ஒன்றில்கூட அவர் இல்லை, எல்லாவற்றிலும் அவர் போன பிறகு உள்ள ரோடு.

ரேவதி_மிதிவண்டி எழுதியது:

வடமராட்சியான் அண்ணா, அடுத்த மாதம் வேலை விஷயமாக மான்செஸ்டர் வருகிறேன். அந்த ஒரு மணி நேர ஓட்டத்துக்கு என்னை மாதிரி ஆள் போகலாமா? ஹெல்மெட், ஷூ எல்லாம் கொண்டுவர வேண்டுமா?

வடமராட்சியான் எழுதியது:

தாராளமாக வாங்கோ தங்கச்சி. சைக்கிள், ஹெல்மெட், சப்பாத்து எல்லாம் அங்கேயே வாடகைக்கு எடுக்கலாம். சப்பாத்து பெடலில் பூட்டிக்கொள்ளும், அதனால் தொடங்கும்போது ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாட்டுவார்கள், முடிக்கும்போதும் அந்தக் கம்பிதான் பிரேக். முன்கூட்டியே பதியுங்கோ, வார இறுதி கெதியில் நிரம்பிவிடும். திகதியைச் சொன்னால் நானும் பக்கத்து இடத்தைப் பதிகிறேன். எனக்கு அந்த நீலக் கோட்டோடு ஒரு கணக்குப் பாக்கி இருக்கிறது.